தீ இல்லாத அடுப்பு விற்றவள்

அடுப்பு விற்பது சுலபம். தீயே வராத அடுப்பை விற்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமையும் நிறைய அசட்டுத் தைரியமும் வேண்டும்.

வில்லியனூர் மெயின் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கிற கடையில் எனக்கு வேலை. சிலிண்டர் வருவது தள்ளிப்போகும்போதெல்லாம் ஜனங்கள் கரண்ட் அடுப்பு கேட்டு வருவார்கள். பெட்டி மேல் இண்டக்ஷன் என்று போட்டிருந்தாலும் எங்கள் பக்கத்தில் அது கரண்ட் அடுப்புதான். கடையில் அதை ஓட்டிக் காட்டுவது, வாங்கினவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது, அப்புறம் அவர்கள் திட்டும்போது போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது, மூன்றும் என் பொறுப்பு. அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் நின்று, பதில் தெரியாமல் திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே வாக்கியம். 'தீ வராது. தொட்டா சுடாது.' கூடவே ஒரு வித்தையும் உண்டு. அடுப்பின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஸ்விட்சைப் போடவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பேப்பர் போட்டது போட்டபடி இருக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எப்படி என்று கேட்டால்தான் வம்பு. பள்ளிக்கூடத்தில் வெப்பம் பாடம் நடத்தின வாரம் எனக்கு அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தேன். ஒருநாள் முதலாளியிடமே கேட்டேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "காந்தம்மா. காந்தம்னு சொல்லிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிடு."

தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு

ஒருநாள் காலையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். புருஷன் உள்ளே வந்துவிட்டார். அந்த அக்கா மட்டும் படியிலேயே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றுவிட்டார். அப்போதுதான் வேறொருத்தருக்குக் காட்டுவதற்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். "உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. புருஷன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அதை அணைச்சிடும்மா, வந்துடுவா" என்றார். அணைத்தேன். வந்தார். கழுத்திலிருந்து இடது கை முழுக்கத் தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

வேதவல்லி அக்காவுக்கு ஊர் சேலியமேடு. வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துப் புடவை பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அக்கா எரிகிற எதன் பக்கத்திலும் போவதில்லை. காய் நறுக்குவது, மசாலா அரைப்பது எல்லாம் அவர். அடுப்பு மட்டும் ஏழுமலை அண்ணன். சாமிக்கு விளக்கு ஏற்றுவதும் அண்ணன்தான். கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் அக்கா தூணுக்குப் பின்னால் போய்விடுவாராம். இத்தனை நாள் அப்படியே ஓடிவிட்டது. இப்போது ஒரே பெண் கவிதா முழுகாமல் இருக்கிறாள். தை மாசம் வளைகாப்பு. வளையல் போட்டதும் பெண் அம்மா வீட்டுக்குத்தானே வரணும், தலைப்பிரசவம் வேறு. கரையாம்புத்தூரில் இருக்கிற சம்பந்தியம்மா நேராகவே கேட்டுவிட்டார்களாம்: "அடுப்பாண்ட போவாத வூட்டுக்குப் புள்ளத்தாச்சியை எப்படி அனுப்பறது? அவரு வேலைக்குப் பூடுவாரு. பத்தியச் சோறு யாரு ஆக்கிப் போடறது?" இதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் இல்லை. "அந்தம்மா கேக்கறதுல இன்னா தப்பு" என்றார். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

இந்த அடுப்பை யாராவது ஒருத்தர் வாங்கியே ஆகணும் என்றால் அது இவர்தான். பேப்பரை விரித்து, தண்ணீரை வைத்து, என் வித்தையைப் பிரமாதமாகக் காட்டினேன். தீ வராது, தொட்டா சுடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அக்கா வாயைப் பிளக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தீ இல்ல, செரி. அப்ப சூடு எங்கேருந்து வருது?" என்றார். காந்தம்க்கா என்றேன். "எங்க வூட்டு பிரிட்ஜ் கதவுல காந்தம் கீது. அது சுடலியே" என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி அடுத்த ஐட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்: "எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா நான் அங்கேருந்து தள்ளி நின்னுக்குவேன். தெரியாத சூட்டை வூட்ல வெக்க முடியாதும்மா. நீ தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு, வாங்கிக்கறேன்."

தலைகீழ் நெருப்பு

அடுத்த வாரமே கூடப்பாக்கத்திலிருந்து போன். "உங்க அடுப்பு பத்திக்கிச்சி, உடனே வா" என்றது குரல். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கரும்பு போடுகிற ராஜமாணிக்கம் ஐயா வீடு அது. அவர் வீட்டுக்காரம்மா பிள்ளையைப் பார்க்க பெங்களூர் போயிருந்தார்கள். ஐயா தனியாகச் சமைக்கப் பழகிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு முழுக்கப் புகை. அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பேப்பர்கள் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கியிருந்தது. எதுக்குங்க ஐயா இது என்றேன். "அடுப்புக்குப் போடறதுதான்" என்றார்.

நான் கடையில் காட்டினேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு மனிதர் தினமும் புதுப் பேப்பர் விரித்து, அதன் மேல்தான் பாத்திரம் வைத்துச் சமைத்திருக்கிறார். சொந்தப் பேப்பர் தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் வேறு கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். சோறு, குழம்பு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அப்பளம் பொரிக்க எண்ணெயை நன்றாகக் காயவிட்டிருக்கிறார், பேப்பர் புகைந்துவிட்டது. பேப்பர் போடவே வேண்டாங்க ஐயா, அது சும்மா காட்டறதுக்கு என்றேன். "சும்மா காட்டறதுன்னா அப்பவே சொல்லக்கூடாதா? நான் அதையும் அடுப்போட சாமான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கருகின பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சட்டியின் அடி அளவுக்கு வட்டமாகத் தீய்ந்திருந்தது. திருப்பினால் அடிப்பக்கம் லேசாகப் பழுப்பேறியிருந்ததே தவிர எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி இருந்தது. அடியில் சூடு இருந்தால் அடிப்பக்கம்தானே முதலில் கருகணும்? வேதவல்லி அக்கா ஞாபகம் வந்தது. இதை நான் எடுத்துக்கட்டுமா ஐயா என்று மடித்துப் பையில் வைத்தேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "கீழேருந்து எரியலம்மா, மேல இருந்து சட்டி கொளுத்தியிருக்குது. இத்தினி அடுப்பு இருக்கறப்ப தலைகீழா எரியறதைப் பார்த்து எனக்கு வித்தியே."

சங்கரா மீன் குழம்பு

உறுவையாறு அந்தோணியம்மாவின் புகார் வேறு மாதிரி. "பாத்திரம் வெச்சாலும் பாத்திரம் இல்லன்னு கூவுது. உன் அடுப்பு பொய் சொல்லுதுடி" என்றார். போய்ப் பார்த்தால் அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்த அடுப்புக்கு எல்லாப் பாத்திரமும் ஆகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது பாத்திரம் என்று ஒத்துக்கொள்ளும். அதற்காகவே பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கின காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். அந்தோணியம்மா வீட்டில் குண்டானுக்கு ஒட்டவில்லை, பித்தளைக்கு ஒட்டவில்லை, எவர்சில்வரில் பாதிக்கு ஒட்டவில்லை. தோசைக்கல்லுக்கு மட்டும் டப்பென்று ஒட்டியது. கல்யாணத்துக்கு அவர் அம்மா கொடுத்த பாத்திரங்களை எல்லாம் என் காந்தம் வேண்டாம் என்று சொன்னதில் அந்தம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் அவரே கூப்பிட்டு, வந்து பாரு என்றார். போனேன். அடுப்பு மேல் தோசைக்கல், தோசைக்கல் மேல் மண்சட்டி. சட்டியில் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீராம்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிற அக்காவிடம் காலையில் வாங்கினதாம். ஐயோ, இப்படி வெக்கக்கூடாது, அடுப்பு நின்னு பூடும் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கீங் என்று கத்திவிட்டு அடுப்பு நின்றே போனது. அந்தோணியம்மா அசரவில்லை. அதுக்கு மூச்சு முட்டுது, செத்த நேரம் உட்டா சரியாப் பூடும் என்று முறத்தை எடுத்து விசிறினார். கொஞ்ச நேரத்தில் திரும்பப் போட்டார், ஓடியது. இப்படிச் செய்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மீன் குழம்பு மண்சட்டியில்தான் என்று முடித்துவிட்டார். போகிற போக்கில், சூடு எங்கேருந்து வருதுன்னு நீங்க நினைக்கறீங்க என்று கேட்டு வைத்தேன். கரண்டியால் தோசைக்கல்லைத் தட்டிக் காட்டினார்: "இன்னாடி கேள்வி இது? கல்லுதான் சுடுது. அடுப்பு சும்மா கீழேருந்து கல்லைக் கிள்ளி உடுது."

எந்தப் பாதி?

ஏழுமலை அண்ணன் நடுநடுவே போன் பண்ணுவார். அக்காதான் பக்கத்தில் நின்று பண்ணச் சொல்கிறார் என்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரியும். வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார்கள், சம்பந்தியம்மா இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை என்றார். "தெரிஞ்சிதாம்மா?" என்று கேட்டார். சட்டிதான் சுடுகிறது, அடுப்பு சுடவில்லை என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் சும்மா கிடக்கிற சட்டி தானாக எப்படிச் சுடும் என்று யோசித்தால் புரிந்ததும் போய்விடுகிறது. பாதி தெரிஞ்சிருக்குண்ணே என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு அண்ணன் தயங்கிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பாதின்னு வேதா கேக்கறா."

பால் பொங்கின வீடு

இதற்கு நடுவில் ஒதியம்பட்டில் ஒரு புதுமனை புகுவிழா. கேஸ் கனெக்ஷன் வரவில்லை, பால் காய்ச்ச எங்கள் கடை அடுப்புதான். நான் போய் வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரரின் தாய்மாமன் ஒருத்தர் முண்டாசோடு வந்து குனிந்து பார்த்தார். "அக்னியே இல்லாம பால் காய்ச்சினா அது காய்ச்சினதுல சேருமா?" என்றார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஐயர் நல்ல நேரம் முடியப்போகுது என்கிறார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், ஏதோ நான்தான் சாஸ்திரம் எழுதின மாதிரி. பக்கத்துல ஒரு கற்பூரம் ஏத்தி வெச்சிடுங்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். பால் பொங்கியது, கிழக்குப் பக்கம் வழிந்தது, வழிந்து பட்டன் மேலேயே ஓடியது. அடுப்பு கீங் கீங் என்று அலறிவிட்டு அணைந்துபோனது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்க நின்றவள் கையில் தாம்பூலத்தைக் கொடுத்தார்கள். மாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "பொங்கினதும் சங்கு ஊதி அதுவே அணைஞ்சிடுச்சி பாரு. இப்பேர்ப்பட்ட சகுனம் என் வயசுக்கு நான் பார்த்ததில்ல."

சோறா, விறகா?

அரியூரில் அருணாசலம் சார் என்று ஒருத்தர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆபீஸை இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரில் மேரி என்றுதான் சொல்வார். சர்க்கரை அதிகமாகி, டாக்டர் காலரியைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அடுப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பும்போது சார் கேட்டார்: "தீயே இல்லாம வேகறதால இதுல ஆக்கின சோத்துல காலரி கம்மியா இருக்குமில்ல?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மனிதர் முகத்தில் அத்தனை ஆசை. கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன் சார் என்றேன். என் வேலையில் பாதி இப்படித்தான் போகிறது.

எங்கள் தெருவில் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். காலரி என்றால் சூட்டை அளக்கிற அளவாம். ஒரு மூடின டப்பாவுக்குள் சோற்றை முழுக்க எரித்து, சுற்றி இருக்கிற தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பார்களாம். நாம் சாப்பிடுகிற சோறும் உடம்புக்குள் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்கிறதாம். தீ வராது, புகை வராது, மெதுவாக நடக்கும், அதனால்தான் உடம்பு எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வேதவல்லி அக்காதான் நினைப்பில் வந்தார். தீ இல்லாமல் சூடு! அவள் இன்னும் ஏதோ ஆக்சிஜன் என்றெல்லாம் சொன்னாள். எனக்கு அது போதும் என்று ஓடி வந்துவிட்டேன்.

சார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போனேன். எந்த அடுப்பில் ஆக்கினாலும் காலரி அதேதான் சார் என்று வருத்தத்தோடு சொன்னேன். டப்பாவில் சோற்றை எரிப்பது, உடம்புக்குள் நடப்பது எல்லாவற்றையும் சொன்னேன். "நல்ல சோத்தைப் போட்டா எரிக்கறானுங்க?" என்றார். ஆமாம் சார். தன் நெற்றியில் ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். "உள்ளயும் எரியுதா?" ஆமாம் சார், தீ வராமல். சார் தட்டில் இருந்த சோற்றை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இத்தினி வருஷமா நான் சோறு திங்கல, வெறகு வெச்சிக்கினு இருந்தேன்னு சொல்லு."

சுடாதுன்னு சொன்னியே

மறுநாளே அடுப்பை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு சேலியமேட்டுக்குப் போனேன். என் நேரம், அங்கே சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்கள். வளைகாப்பு விஷயம் பேச கவிதாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெச்சிக் காட்டட்டும், நானும் பாக்கறேன்" என்றார்கள். கடுமையான ஆள் இல்லை. ஆனால் பேரப்பிள்ளை விஷயத்தில் ஏமாற மாட்டார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பையிலிருந்து ராஜமாணிக்கம் ஐயாவின் பேப்பரை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். "பாருங்கக்கா, மேல்பக்கம்தான் கருகியிருக்கு, அடிப்பக்கம் அப்படியே இருக்கு. கீழ தீயும் இல்ல, சூடும் இல்ல. அடுப்பு காந்தத்தால சட்டியைக் கிள்ளி உடுது, சூடு சட்டிக்குள்ளயே பொறக்குது" என்றேன். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தானா எப்படிப் பொறக்கும்?" என்றார். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்து கவிதாவின் கழுத்தில் வைத்தேன். "சூடா இருக்கா? தீ எங்க இருக்கு?" அடுப்பும் உடம்பும் ஒன்றா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காலேஜ் பெண் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அக்கா பெண்ணின் கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "செரி, போடும்மா" என்றார்.

மிளகு ரசம் வைக்கலாம் என்றார். புளி கரைத்து, மிளகும் சீரகமும் தட்டி, பூண்டை நசுக்கி எல்லாம் எப்போதும்போல் மளமளவென்று செய்தார். காந்தம் ஒட்டின பாத்திரத்தை வைத்ததும் கை நின்றுவிட்டது. ஒரு விரல் நுனியால் பட்டனைத் தொட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். அடுப்பு உம் என்று முனகியது. ஒன்றும் எழும்பி வரவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார். கடுகு வெடித்தபோது தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், ஆனால் நகரவில்லை. ஏழுமலை அண்ணன் வாசற்படியில் நின்று மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் நுரை கட்டியது. அக்கா துணியைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா பாத்திரம் இருந்த இடத்தில், அடுப்பின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தார். தொட்டா சுடாது என்று நான்தானே சொல்லியிருக்கிறேன், நம்பி வைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ஸ் என்று கையை இழுத்துக்கொண்டார். அம்மா என்று கவிதா எழுந்தாள். அண்ணன் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்து கையில் ஊற்றினார். சம்பந்தியம்மா சேரை விட்டு எழுந்து, "சுடாதுன்னுதானேம்மா சொன்ன?" என்று என்னைக் கேட்டார்கள். அடுப்பு சுடலீங்க, சட்டி உக்காந்த இடம், சட்டி குடுத்த சூடு என்று உளறினேன். யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் கழித்து ஒரு மனுஷி அடுப்புகிட்ட வந்தாள், அவளையும் சுட வைத்துவிட்டேனே, இனி இந்தப் பெண் அம்மா வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்கா உள்ளங்கையைப் பார்த்தார். லேசாகச் சிவந்திருந்தது. பிறகு அடுப்பைப் பார்த்தார். அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. "அன்னிக்குக் கைய இழுத்தேன், கூடவே வந்துச்சி. வாசலுக்கு ஓடினேன், வாசலுக்கும் வந்துச்சி" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். அப்புறம் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "இது சுட்டுது சம்பந்தி. ஆனா தொரத்தல." சொல்லிவிட்டு ரசத்தில் உப்புப் போட்டு, பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் வைத்தார். இந்தத் தடவை பட்டனை அழுத்திவிட்டுப் பின்னால் போகவில்லை. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் நின்றபடியே பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து ஒரு டம்ளர் ரசம் கேட்டார்கள். ஊதி ஊதி முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள்: "உப்பு தூக்கல். புள்ளத்தாச்சிக்கு இவ்ளோ ஆவாது. வளைகாப்பு அன்னிக்கே கூட்டிக்கினு பூடுங்க, ஆனா உப்பைக் கம்மி பண்ணுங்க."

இப்போதெல்லாம் கடையில் நான் தொட்டா சுடாது என்று சொல்வதை விட்டுவிட்டு, சுடும், ஆனா தொரத்தாது என்றுதான் சொல்கிறேன். வாங்க வருகிறவர்களுக்கும் புரியவில்லை, முதலாளிக்கும் புரியவில்லை, சூடு எங்கேருந்து வருது என்று யாராவது திருப்பிக் கேட்டால் நானும் காந்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போய்விடுகிறேன்.